பிடித்த மாட்டுக்குத் தொழுவம் எங்கே?

விளவங்கோடு தாலுகாவின் மேற்கு ஓரத்தில், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையில் இருக்கிறது களியக்காவிளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்பு இது எல்லையூர் அல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அன்றுதான் இங்கே எல்லைக்கோடு விழுந்தது. நம்மவர் பாடுபட்டுப் பெற்ற கோடு அது. அதைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு. ஆயினும் அந்தக் கோட்டை இரவு வேளையில் கடந்து செல்லும் சில லாரிகளைக் காண நேர்ந்தால், அந்தப் பெருமையோடு ஒரு வெட்கமும் கலந்துவிடுகிறது.

சில வாரங்களுக்கு முன் ஒரு வழக்கு விஷயமாக அப்பக்கம் சென்றிருந்த நாம், சாலையோரச் சாயாக் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தோம். தார்ப்பாய் போர்த்திய ஒரு லாரி வந்து நெரிசலில் நின்றது. தார்ப்பாயின் இடைவெளியில் கொம்புகள் தெரிந்தன. நம் கண்ணுக்கு எட்டியவரையில் எண்ணியதில் மாடுகள் 20க்குக் குறையவில்லை. தலையைத் திருப்ப இடமின்றி, மூக்கணாங்கயிறு மேற்கம்பியில் இறுகிக் கட்டப்பட்டு அவை நின்றன. ஒன்று கீழே விழுந்து கிடந்தது. மற்றவை அதன்மீது மிதித்து நின்றன. மிதிக்காமல் நிற்க அவற்றுக்கு வேறு இடமில்லை. ஐந்து நிமிஷத்தில் நெரிசல் விலகியது. லாரியும் போய்விட்டது.

“இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதே!” என்று நாம் வாய்விட்டுச் சொன்னோம். சாயாக் கடைக்காரர் கண்ணாடித் தம்ளரைக் கழுவியபடியே, “பிடிச்சா போதுமா சாரே? பிடிச்ச மாட்ட எங்க கொண்டு கெட்ட?” என்று கேட்டார்.

சட்டம் படித்த நம்மிடம் அந்தக் கேள்விக்கு அப்போது பதில் இல்லை. ஊருக்குத் திரும்பிய பின்னும் அது நம்மை விடவில்லை. இன்று அதையே நம் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

சட்டத்துக்குக் குறைவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுவோம். பிராணிகளை வதை செய்வதைத் தடுக்கும் சட்டம் 1960ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதற்கு மூலகாரணமாக நின்றவர் தமிழ்நாட்டுப் பெண்மணியான ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபையில் தனி அங்கத்தினராக அவர் கொண்டுவந்த மசோதாவே சர்க்காரை அசைத்தது. அச்சட்டத்தின்கீழ் 1978ல் ஏற்பட்ட போக்குவரத்து விதிகள், ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது என்கின்றன. பிரயாணத்துக்குத் தகுதியுள்ளவை என்ற வைத்தியர் சான்று வேண்டும். தீனியும் தண்ணீரும் வேண்டும். முதலுதவிச் சாதனமும் உடன் செல்ல வேண்டும். நாம் கண்ட லாரியில் ஆறுக்குப் பதில் இருபது!

மீறினால் தண்டனை என்ன? முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960ல் 50 ரூபாய் என்பது ஒரு தொகை. இன்றோ, அதே சாயாக் கடையில் இருவர் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டால் தீர்ந்துபோகும் காசு. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொகையை உயர்த்த நம் பார்லிமெண்டுக்குப் பொழுது கிடைக்கவில்லை.

அபராதத்தை நாளைக்கே ஆயிரம் மடங்கு உயர்த்தினாலும், சாயாக் கடைக்காரரின் கேள்வி அப்படியே நிற்கும். லாரியைப் பிடிப்பது அரை மணி நேர வேலை; வழக்கு எழுதுவது ஒரு மணி நேர வேலை. லாரியிலிருந்து இறங்கும் 20 மாடுகளுக்கு அன்றிரவே 20 கட்டுத்தறியும், குடிக்கத் தண்ணீரும், விழுந்து கிடப்பதைத் தூக்கி நிறுத்தப் பத்து ஆட்களும் வேண்டும். வழக்கு முடியும்வரை மாதக்கணக்கில் தீனி வேண்டும். வழக்கு முடிந்து மாடு சர்க்கார்வசமானால், அது சாகும்வரை தீனி வேண்டும். பத்து வயதில் பால் வற்றிய பசு இன்னும் ஏழெட்டு ஆண்டு உயிர் வாழக்கூடியது. ஒரு மணி நேரத்துக் கருணைக்குப் பின்னால் ஏழெட்டு ஆண்டுச் செலவு நிற்கிறது. இதை அறிந்த உத்தியோகஸ்தர் ஒருவர் லாரியைக் கண்டும் கையை உயர்த்தத் தயங்கினால், அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை. தொழுவம் இல்லாத ஊரில் சட்டம் வெறும் காகிதமே.

இந்த மாடுகள் ஏன் லாரியில் ஏறுகின்றன என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேற்பட்டு உழைப்புக்கும் இனவிருத்திக்கும் பயன்படாதது, அல்லது நிரந்தரமாக ஊனமுற்றது என்ற சான்று பெற்ற மாட்டையே அறுக்கலாம். 1976ல் பிறந்த சர்க்கார் உத்தரவு பசுவையும் கிடாரியையும் அறுப்பதைத் தடுத்தது. எல்லைக்கு அப்பால் சட்டம் வேறு, வழக்கம் வேறு, விலையும் வேறு. மேட்டு நீர் பள்ளத்துக்குப் பாய்வதுபோல மாடும் விலை உள்ள இடத்துக்குப் போகிறது.

இதற்காக மலையாள சகோதரர்களைப் பழிப்பதில் நியாயம் இல்லை. அவர்கள் உண்பது அவர்கள் உணவு. குமரி ஜில்லாவிலும், தமிழ்நாட்டின் பிற ஜில்லாக்களிலும், ஏழைகள் பலருக்கு அது உணவுதான். லாரி ஓட்டுபவரின் மதத்தை விசாரித்துக்கொண்டு, ஜீவகாருண்யத்தின் பெயரால் தடியெடுத்து நிற்பவர்களின் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். பசுவைத் தாயென்று போற்றிய காந்தியடிகளே 1947 ஜூலையில் டில்லிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசியபோது, இந்தியா ஹிந்துக்களுக்கு மட்டும் உரிய தேசமல்ல என்றும், பசுவதையைச் சட்டத்தால் தடுத்து மற்றவர்மீது திணிக்க முடியாது என்றும் எடுத்துரைத்தார். மாட்டைக் காக்கப் புறப்பட்டு மனிதனை அடிப்பது, கண்ணைக் காக்கப் புருவத்தைச் சிரைப்பதைக் காட்டிலும் கேவலமானது.

லாரியில் மாட்டை ஏற்றுகிறவர் யார் என்று கேட்டால், “காலையில் காப்பி குடிக்கும் நாம்தான்” என்பதே உண்மையான பதில். 1970ல் தொடங்கிய பால் பெருக்கத் திட்டத்தின் பயனாகத் தேசமெங்கும் பால் பெருகியது, அது நல்லதே. ஆனால் பசு கன்று ஈன்றால்தான் பால். ஈனும் கன்றில் பாதி காளை. உழவுக்கு டிராக்டரும் பாரத்துக்கு மினி லாரியும் வந்த பிறகு, கலப்பினக் காளைக் கன்றுக்கு வேலை ஏது? இரண்டு பசு வைத்துப் பிழைக்கும் விவசாயி, பால் தராத மூன்றாவது பசுவுக்கு வைக்கோல் வாங்குவாரா, மகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் கட்டுவாரா? அவர் கண்ணீரோடுதான் கயிற்றைத் தரகர் கையில் கொடுக்கிறார். பாலின் பயனை நாம் அனுபவித்து, பசுவின் முதுமைப் பாரத்தை மட்டும் அவர் தலையில் ஏற்றிவிட்டோம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசிவிட்டால் அந்தக் கடன் தீர்ந்துவிடுமா?

ஆகவே, பிடிபட்ட மாடுகளுக்கும் கைவிடப்பட்ட மாடுகளுக்கும் ஒரு காப்பகம் எல்லையருகே அவசியம் என்கிறோம். இது நம் தேசத்துக்குப் புதிய எண்ணம் அல்ல. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக சக்கரவர்த்தி தம் இரண்டாவது பாறைச் சாசனத்தில், மனிதர்க்கு ஒரு வைத்தியமும் பிராணிகளுக்கு ஒரு வைத்தியமும் ஏற்படுத்தியதாகப் பொறித்து வைத்தார். எங்கெங்கே என்றால், தம் ராஜ்யத்தில் மட்டுமல்ல. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் என்று அந்தச் சாசனம் கூறுகிறது. சேரரும் பாண்டியரும் மாறி மாறி உரிமை கொண்டாடிய இந்தத் தென்கோடிக்கு, மாட்டு வைத்தியசாலை என்ற சொல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. சாலையில் ஓடும் லாரிகள் மட்டுமே புதியவை.

பம்பாயில் 1832ல், தெரு நாய்களைக் கொல்லச் சர்க்கார் பிறப்பித்த உத்தரவினால் கலகம் மூண்டது. அதையொட்டி 1834ல் பார்ஸி வணிகரான ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஜைன வணிகரான அமீசந்த் ஷாவும் சேர்ந்து அங்கே பிஞ்சராப்போல் என்னும் பிராணி காப்பகத்தை நிறுவினர். சென்னை அயனாவரத்தில் சென்னைப் பிஞ்சராப்போல் 1906ல் ஏற்பட்டது. உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்துவிட்ட நகரத்தின் நடுவே, வயது முதிர்ந்த மாடுகளும் நொண்டி மாடுகளும் அங்கே நூறாண்டுக்கு மேலாக நிழல் கண்டு வருகின்றன. வெளிநாட்டிலும் இந்த எண்ணம் உண்டு. 1986ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ராஜ்யத்தில், கால்நடைச் சந்தை ஒன்றின் பின்புறம் செத்த பிராணிகளின் குவியலில் ஓர் ஆடு உயிரோடு கிடந்தது. அதை எடுத்துச் சென்ற இளைஞர்கள் ‘ஹில்டா’ என்று பெயரிட்டு வளர்த்தார்கள். பத்தாண்டுக்கு மேல் அது உயிர் வாழ்ந்தது. அவர்கள் தொடங்கிய ஃபார்ம் சாங்க்சுவரி என்னும் ஸ்தாபனம் இன்று அத்தேசத்தில் பெயர் பெற்றது.

நம் வள்ளலார் 1867ல் வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். பசித்தவருக்குச் சோறிடும் அடுப்பை மூட்டி, அது அணையாமல் இருக்க ஏற்பாடு செய்தார். கருணைக்கு விறகும் அரிசியும் ஆளும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். மாடு காக்கப் புறப்படுவோர் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே. ஆகவே கணக்குக்கு வருவோம்.

300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிலோ பசுந்தீவனமும் 4 கிலோ வைக்கோலும் வேண்டும். வெயில் காலத்தில் 40 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். 100 மாடு என்றால் நாளைக்கு 1,500 கிலோ பசும்புல். 400 கிலோ வைக்கோல். 4,000 லிட்டர் தண்ணீர். ஆண்டுக்குப் புல் 547 டன். வைக்கோல் 146 டன். கேட்கும்போது மலைப்பாக இருக்கிறது. ஆனால் கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பு–நேப்பியர் ஒட்டுப்புல், நீர்ப்பாசனமும் உரமும் சரியாகக் கிடைத்தால் எக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் தரும். அந்தக் கணக்குப்படி நான்கு ஏக்கர் போதும். பயிர் பொய்க்கும் காலத்தையும் சேர்த்து ஆறு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு நெருக்கடியான விளவங்கோட்டில் ஆறு ஏக்கர் சேர்ந்தாற்போல் கிடைப்பது அரிதுதான். ஆனால் தென்னந்தோப்பின் ஊடே அந்தப் புல் வளரும். குலை வெட்டிய வாழைத்தண்டு இந்தத் தாலுகாவில் மலைபோல் கிடக்கிறது. நறுக்கி வைக்கோலோடு கலந்தால் மாடு தின்னும். மரச்சீனி இலையைப் பச்சையாக மட்டும் போட்டுவிடக் கூடாது. அதில் உள்ள நஞ்சு மாட்டைக் கொன்றுவிடும். வைக்கோல் நாஞ்சில் நாட்டு வயல்களிலிருந்து வர வேண்டும். அறுவடைக் காலத்தில் வாங்கி அடுக்கியவன் பிழைப்பான். ஆடியில் வாங்கப் போனவன் கடன்படுவான்.

தீனியோடு விஷயம் முடிவதில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. காப்பகம் நடத்துகிறவரோ கட்டாயம் பார்த்தாக வேண்டும். பல்லைப் பார்த்தால்தான் வயது தெரியும். வயது தெரிந்தால்தான் தீனியின் பக்குவம் தெரியும். லாரியில் வந்த மாட்டை நேரே மந்தையில் விடலாகாது. இரண்டு மூன்று வாரம் தனியே கட்டிப் பார்க்க வேண்டும். கோமாரி ஒன்று புகுந்தால் கொட்டகை முழுவதும் படுத்துவிடும். தோல் கழலை நோய் 2022ல் வட மேற்கு ராஜ்யங்களில் ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொண்டுபோனது நமக்கு நினைவிருக்கிறது. கருச்சிதைவு நோயோ மாட்டிலிருந்து பராமரிக்கும் மனிதனுக்கும் தொற்றக்கூடியது. எழுந்திருக்க முடியாத மாட்டை நாளுக்குப் பலமுறை புரட்டிப் போட வேண்டும். தவறினால் படுக்கைப் புண் வைத்து அழுகும். இரண்டு பருவ மழையும் பெய்யும் குமரி ஜில்லாவில் மண் தரை சேறாகும், குளம்பு அழுகும். ஆகவே தரையை உயர்த்திக் கட்ட வேண்டும். காளையையும் பசுவையும் பிரித்தே கட்ட வேண்டும். காப்பகத்தில் கன்று பெருகினால், நாம் மூட வந்த கணக்கை நாமே மறுபடி திறந்தவர்களாவோம்.

இவற்றைச் சரிவரச் செய்யாவிடில் என்ன நேரும் என்பதை ஜெய்ப்பூரை அடுத்த ஹிங்கோனியா கோசாலை காட்டியது. நகரசபையின் பொறுப்பில் இருந்த அந்தக் கோசாலையில், சம்பளம் கிடைக்காத கூலியாட்கள் 2016 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மழை பெய்தது. சாணமும் சேறும் ஏறின. எடுப்பாரும் இல்லாமல் தீனி போடுவாரும் இல்லாமல் இரண்டு வாரத்தில் நூற்றுக்கணக்கான பசுக்கள் சேற்றில் சிக்கி மாண்டன. அந்தக் கோசாலையைக் கெடுத்தது பக்திக் குறைவு அல்ல, கூலிக் குறைவு. சாணம் அள்ளுகிறவனுக்கு மாதம் முதல் தேதியில் சம்பளம் கொடுக்காத கோசாலை, வாசலில் எத்தனை விளக்கு ஏற்றினாலும் கோசாலை ஆகாது. இதையே காந்தியடிகள் முன்கூட்டிக் கண்டார். பழைய பிஞ்சராப்போல்கள் வெறும் தர்மத்தில் நடவாமல் விஞ்ஞான முறையில் நடக்க வேண்டும். பால் பண்ணையும், இயற்கையாக இறந்த மாட்டின் தோலைப் பதனிடும் சாலையும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று அவர் இடைவிடாமல் வற்புறுத்தினார். 1941ல் ஜம்னாலால் பஜாஜ் வார்தாவில் கோசேவா சங்கத்தை ஏற்றுக்கொண்டது அந்த வழியிலேயேதான். தோலைத் தொட்டால் தீட்டு என்று ஒதுங்குகிறவர் பசுவைக் காக்கத் தகுதியற்றவர் என்பது அவர் கருத்தின் சாரம்.

“மனிதன் பட்டினி கிடக்கையில் கிழ மாட்டுக்குக் கொட்டகையா?” என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்கத் தக்கதல்ல. பாலையும் உழைப்பையும் தந்து முடிந்த பிராணிக்கு வேலை போன அன்றே விலை போட்டுவிடும் மனம், கூலிக்காரன் கிழவனாகும்போது அவனையும் அப்படியே பார்க்கப் பழகிவிடும் என்பது நம் அச்சம். இது ஒரு பக்கம். மறுபக்கம், நாம் தேசத்தின் எல்லாக் கிழ மாடுகளுக்கும் கொட்டகை கேட்கவில்லை. அது ஆகாத காரியம். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல். தெருவில் திரிபவை மட்டும் சுமார் 50 லட்சம். அறுப்பதை அறவே தடுத்த சில வட ராஜ்யங்களில், விட்டுவிடப்பட்ட மாடுகள் இரவில் வயலில் புகுந்து பயிரை மேய, விவசாயிகள் விடிய விடியக் காவல் கிடக்கிறார்கள். உத்தரப் பிரதேச சர்க்கார் 2019ல் கோசாலைகளுக்கென்று தனித் தீர்வையே விதிக்க வேண்டியதாயிற்று. தொழுவம் கட்டாமல் தடை மட்டும் போட்டதன் பலன் அது. நாம் கேட்பது இவ்வளவே: சட்டத்தின் கை எந்த மாட்டின்மீது பட்டதோ, அந்த மாடு பொதுஜனங்களின் பொறுப்பு. அதைப் பட்டினி போட நமக்கு உரிமை இல்லை.

வியாபாரியின் பக்கமும் நியாயம் உண்டு. பிடிபட்ட மாடுகளை வழக்கு நடக்கும்போது காப்பகங்களில் ஒப்படைக்கலாம் என்றும், பராமரிப்புச் செலவை மாட்டுக்காரரும் லாரிக்காரரும் ஏற்க வேண்டும் என்றும் மத்திய சர்க்கார் 2017ல் விதிகள் செய்தது. குற்றம் நிரூபணமாகும் முன்பே தம் ஜீவனோபாயம் பறிபோகிறது என்று வியாபாரிகள் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டனர். அந்த விதிகள் மூலச் சட்டத்தோடு முரண்படுகின்றன என்று 2021 ஜனவரியில் கோர்ட்டார் கண்டித்தனர். நமக்கும் அதில் அனுதாபம் உண்டு. ஒழுங்காக ஆறு மாடு ஏற்றிச் செல்லும் வியாபாரியை வழிமறித்து, மாட்டைப் பிடுங்கி, பின் அந்த மாடு எங்கே போயிற்று என்று தெரியாமல் செய்யும் ‘காப்பகம்’ கொள்ளைக்கூடமே. ஆகவே ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் அட்டை, புஸ்தகத்தில் வரிசை எண், புகைப்படம், வைத்தியர் கையெழுத்து இருக்க வேண்டும். வந்த கணக்கும் செத்த கணக்கும் மாதந்தோறும் வாசலில் ஒட்டப்பட வேண்டும்.

இனி நம் யோசனைகள். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, பிராணிகளுக்கு வைத்தியசாலைகளை ஏற்படுத்த ராஜ்ய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. 2001ஆம் ஆண்டு விதிகளோ, ஜில்லாதோறும் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் அமைத்து, அதன் வைத்தியசாலைக்கும் காப்பகத்துக்கும் போதிய நிலம் தருவது ராஜ்ய சர்க்காரின் கடமை என்கின்றன. காப்பகத்துக்கு முழுநேர வைத்தியரும் நிர்வாகியும் வேண்டும் என்கின்றன. புதுச் சட்டம் கேட்டு நாம் கோட்டைக்குச் செல்லவேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தைக் களியக்காவிளைக்குக் கொண்டுவந்தால் போதும். எல்லைக்கு அருகே, பெருஞ்சாலையிலிருந்து லாரி இறங்கக்கூடிய இடத்தில், 100 மாடுகளுக்கு ஒரு காப்பகம்; 101ஆவது மாட்டுக்கு இடமில்லை என்று சொல்லும் துணிவு அதன் நிர்வாகிகளுக்கு வேண்டும். பசுவுக்கு மட்டுமன்று, எருமைக்கும், காளைக் கன்றுக்கும், ஆட்டுக்கும் அதில் இடம் வேண்டும். எருமையின் வலி பசுவின் வலியில் பாதி என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. நிர்வாகச் சபையில் கோயில்காரரும், பாதிரியாரும், ஜமாத்தாரும், மாட்டு வைத்தியரும், ஒரு மாட்டு வியாபாரியும் அமரட்டும். மூன்று சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் விளவங்கோட்டில் இது கனவு அல்ல.

பணத்துக்கு வழி? சாணம் ஒரு வழி. 100 மாட்டின் சாணம் நாளைக்கு ஒரு டன்னுக்குக் குறையாது. வாழைக்காரர் விலை கொடுத்து வாங்குவார். ஆனால் அது போதாது. பாலின் பயனை அனுபவிப்பவரே பசுவின் முதுமைக்குப் பொறுப்பு என்றோம். கூட்டுறவுப் பால் நாளொன்றுக்கு 30 லட்சம் லிட்டர் விற்பதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு ஒரே ஒரு பைசா ஒதுக்கினால் நாளைக்கு 30,000 ரூபாய். ஆண்டுக்கு ஒரு கோடியே ஒன்பதரை லட்சம். ஒரு பைசா என்ற நாணயமே நம் பையிலிருந்து மறைந்துவிட்டது. மறைந்துபோன அந்தக் காசைக்கொண்டு எல்லையோரத்தில் மட்டுமல்ல, வேறு சில இடங்களிலும் தொழுவம் எழுப்பலாம். அதைப் பத்துப் பைசா ஆக்கினால், பால் வற்றிய பசுவைத் தரகரிடம் கொடாமல் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு வைக்கோல் உதவியும் செய்யலாம். அதுவே மேலான வழி. லாரியில் ஏறிய பின் இறக்குவதைவிட, ஏறாமல் இருக்கச் செய்வது மலிவு, மாட்டுக்கும் நல்லது.

பிராணிகளிடம் கருணை காட்டுவது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976ல் நம் அரசியல் சட்டத்தில் எழுதிச் சேர்த்தோம். எழுதியாகிவிட்டது. எழுதிய கையாலேயே இப்போது கொட்டகைக்குக் கால் நட வேண்டும். குமரி ஜில்லாச் சட்டசபை அங்கத்தினர்களையும், கலெக்டரையும், பால் கூட்டுறவுச் சங்கத்தாரையும் நாம் கேட்பது இதுவே. நம் வாசகர்களும் நாளைக் காலையில் காப்பி குடிக்கும்போது ஒரு நிமிஷம் அந்தச் சாயாக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளட்டும். அவர் கேட்ட கேள்வி நம் எல்லோருக்கும் உரியது. அடுத்த மழைக்காலம் வரும் முன், “இதோ, இங்கே கட்டு” என்று அவருக்குப் பதில் சொல்ல நம்மவர்கள் முன்வருவார்களா?